கனிஷாய் யாரிடம் போய்ச் சொல்வது

கிர்கிஸ்தான் தலைநகரம் பிஷ்கெக்கில் மரங்களை வெட்டி வெட்டி நிழல் குறைந்துபோனாலும் உளவியலாளர்களுக்குக் குறைவே இல்லை. முன்பு எல்ம் மரங்கள் நின்ற இடங்களில் இப்போது பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. குழந்தை உளவியலாளர், குடும்ப உளவியலாளர், மணல் தட்டில் பொம்மை அடுக்கச் சொல்லி மனசைப் படிப்பவர், செத்துப்போன முன்னோர்களை நாற்காலிகளில் உட்காரவைத்துக் கணக்குத் தீர்ப்பவர், மூன்று நாள் பயிற்சியில் அரை மனிதனை முழு மனிதனாக்குபவர் என்று வகைக்கு ஒரு பலகை. இவர்களில் பாதிப் பேருக்குப் பாடம் நடத்தியவள் கனிஷாய். மீதியில் பெரும்பாலோருக்குத் தேர்வு வைத்தவள். மிச்சம் ஒருசிலர் அவளுக்கே பாடம் நடத்தியவர்கள். அவர்கள் இப்போது ஓய்வு பெற்று, தங்கள் மாத்திரைகளைத் தாங்களே மறந்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த டிசம்பரில், நகரமே நிலக்கரிப் புகைக்குள் இருமிக்கொண்டிருந்தபோது, கனிஷாய்க்கு ஓர் உளவியலாளர் தேவைப்பட்டார். அவசரமாக. ஒருத்தர்கூடக் கிடைக்கவில்லை.

கனிஷாய் சாதாரண ஆள் இல்லை. பல்கலைக்கழகத்தில் உளவியல் துறைத் தலைவர். பிறர் துயரத்தைக் கேட்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் எப்படி உள்ளுக்குள் எரிந்து சாம்பலாகிறார்கள், அதை எப்படித் தவிர்ப்பது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. அந்த விஷயத்தில் நாட்டிலேயே அதிகாரபூர்வமான வாய் அவளுடையதுதான். நர்சுகள், ஆசிரியர்கள், தீயணைப்புப் படையினர் என்று அமைச்சகம் யார் யாரையோ மண்டபத்தில் அடைத்து அவளைப் பேசவைக்கும். தீயணைப்புப் படையினர் முதல் வரிசையிலேயே நன்றாகத் தூங்குவார்கள். எரியாமல் இருப்பது எப்படி என்பது அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

காலையில் நெருக்கடி மையத்தில் அழுகிறவர்களைப் பார்ப்பாள். மதியம் வகுப்பு, மாலையில் தனியாகப் பணம் கொடுத்து அழுகிறவர்கள். அதற்கு மேல், எந்தக் கிர்கிஸ்காரரும் படிக்கப்போகாத வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குக் கட்டுரை. கட்டுரை இல்லாவிட்டால் பதவி இல்லை. இப்படி ஓடி ஓடி, எரிந்துபோவதைத் தவிர்ப்பது பற்றி மட்டும் ஒரு அலமாரி நிறைய எழுதியிருந்தாள்.

இலையுதிர் காலத்தில்தான் முதலில் தெரிந்தது. மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போன மகன் பெட்டியில் திரும்பி வந்தான் என்று ஒரு தாய் எதிரே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கனிஷாய் சரியான இடத்தில் தலையசைத்தாள், சரியான நேரத்தில் காகிதக் கைக்குட்டையை நகர்த்தினாள். அப்போது தனக்குள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கணம் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. காலிப் பானையில் கரண்டி மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு தூக்கம் போனது. பிறகு சோற்றின் ருசி போனது. பிறகு ஒரு நாள், ரயில் பாதைக்கு மேலே போகும் நடைமேம்பாலத்தின் நடுவில், தான் வெகுநேரமாக நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தாள். மறுநாளிலிருந்து சுற்றுவழியில் நடக்கத் தொடங்கினாள். அதன் பொருள் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு மாணவி இதையே எழுதிக் கொண்டுவந்திருந்தால் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, பக்கத்தில் 'உடனே' என்று எழுதியிருப்பாள்.

யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யாரிடம்? மனசுக்குள் ஒவ்வொரு பலகையாகப் படித்துப் பார்த்தாள். இவள் என் மாணவி, நாளைக்கே டீ அறை முழுக்கப் பரவும். இவன் என் ஆய்வேட்டுக்கு எதிர்வாதம் செய்தவன், சந்தோஷப்படுவான். இவளை நான் இரண்டு தடவை பெயிலாக்கினேன். இவர் என் நாத்தனாரின் சம்பந்தி.

இதில் இன்னொரு இடியும் இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பேராசிரியரும் பல்கலைக்கழகக் கவுன்சிலின் முன் நின்று மறுபடி தேர்வாக வேண்டும். அதற்கு மற்ற காகிதங்களோடு, மனநல மையத்தின் பதிவில் தன் பெயர் இல்லை என்ற சான்றிதழும் வைக்க வேண்டும். பெயர் ஏறிவிட்டால் துறை போச்சு, நெருக்கடி மையம் போச்சு, கார் ஓட்டும் உரிமம்கூடப் போச்சு. கவுன்சில் கூட்டம் வருகிற வாரம்.

முதலில் வீட்டில் முயன்றாள். கணவர் துர்துபெக் நகரத்துக்கு வெந்நீர் அனுப்பும் குழாய்களைச் சரிபார்ப்பவர், நல்ல மனிதர்.

"எனக்கு முடியல" என்றாள் கனிஷாய், டீ ஊற்றியபடி.

"அதான் சொல்றேன், ஏரிக்கரைக்குப் போய் பத்து நாள் சேத்துக் குளியல் போட்டுட்டு வா. எங்க சங்கத்துல டிக்கெட்டே தர்றாங்க."

"உடம்பு இல்ல. மனசு."

"மனசா?" துர்துபெக் வாய்விட்டுச் சிரித்தார். அதில் கேலி இல்லை, பெருமைதான். "அதுக்குத்தான் நீயே வீட்ல இருக்கியே. கசாப்புக்காரன் வீட்ல கறி இல்லேன்னா யாரு நம்புவா? ஆங், சொல்ல மறந்துட்டேன். எதிர்வீட்டு மருமக மாமியாரோட தெனம் சண்டையாம். நீ பாப்பேன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வருவா."

ஞாயிற்றுக்கிழமை அந்த மருமகள் வந்தாள். அழுதாள். கனிஷாய் தலையசைத்தாள்.

அடுத்து எசென்குல். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். துறைத் தலைவர் பதவிக்கு இருவருமே நின்று, அவள் ஜெயித்து, அதற்கப்புறம் விருந்துகளில் மட்டும் ஒருவருக்கொருவர் நீண்ட ஆயுள் வாழ்த்துகிறவர்கள். அவனும் கவுன்சில் உறுப்பினன்தான். ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் சொந்தமாக மையம் நடத்திவந்தான். சுவர் முழுக்கத் தங்க நிறச் சட்டங்களில் பட்டயங்கள் தொங்கின. கடல் தாண்டிய கழகங்களும் கண்டம் தாண்டிய கழகங்களும் அவனை உறுப்பினராக ஏற்று மகிழ்ந்திருந்தன. சந்தா கட்டினால் அவை யாரையும் ஏற்று மகிழும். கீழே பல் துளைக்கிற சத்தம் வரும்போதெல்லாம் பட்டயங்கள் லேசாக நடுங்கின.

எதிரியிடமே போனதற்குக் காரணம் இருந்தது. எதிரி மட்டும்தான் இந்த நகரத்தில் அவளுக்கு மாணவனும் இல்லை, உறவும் இல்லை.

"என்ன கனிஷாய், எதிரி முகாமுக்குள்ள கொடி பிடிக்காம வந்துட்ட?" என்றான் எசென்குல். கிண்ணத்தில் பாதி அளவே டீ ஊற்றிக் கொடுத்தான், அங்கே அதுதான் மரியாதை.

"உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

உடனே அவனுடைய முகம் மாறியது. வயிற்றின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டான். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. குரல் அரைப்படி கீழே இறங்கியது. "கேக்கிறேன்" என்றான். அந்தக் குரல் கனிஷாய்க்கு நன்றாகத் தெரியும். மாணவர்களுக்கு அவள் கற்றுத் தருகிற குரல் அது.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. வருகிறவர் தானாகத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. கனிஷாய்க்குத் தொடங்கத்தான் ஆசை. ஆனால் முப்பது வருடப் பழக்கம் அவளுடைய நாக்கைப் பிடித்துக்கொண்டது. எதிரே ஒருவர் மௌனமாக இருந்தால் இவளும் மௌனமாகிவிடுவாள். கண்ணை அகல வைத்து, லேசாகப் புருவம் உயர்த்தி, 'நீங்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்கள்' என்று முகத்தாலேயே சொல்வாள். சொன்னாள். அவனும் சொன்னான். இரண்டு முகங்களும் ஒன்றையொன்று ஆறுதல்படுத்தியபடி உட்கார்ந்திருந்தன. கீழே யாருக்கோ கடைவாய்ப்பல் துளைத்தார்கள். மௌனத்தில் தோற்றவர்தான் நோயாளி, இது அங்கே எழுதாத சட்டம்.

எசென்குல் தோற்றான்.

"என் பையன் என்கூடப் பேசி ரெண்டு வருஷமாச்சு" என்றான் திடீரென்று, தானே திடுக்கிட்டவன்போல. "சியோல்ல இருக்கான். போன் போட்டா அம்மாகிட்ட குடுன்னு சொல்றான். நான் ஊருக்கே தகப்பன்-மகன் உறவு பத்திப் பயிற்சி குடுக்கறவன், கனிஷாய். போஸ்டர்ல என் மூஞ்சியைப் போட்டிருக்கான். அதுக்குக் கீழ 'அப்பாவாக இருப்பது எப்படி'ன்னு..."

மேலே பேச முடியாமல் தேம்பினான். கனிஷாயின் கை தானாகவே நீண்டு, மேசையில் இருந்த அவனுடைய கைக்குட்டைப் பெட்டியை அவன் பக்கமே நகர்த்தியது. பிறகு அவள் செய்ததெல்லாம் வேலை. கேட்டாள், சுருக்கிச் சொன்னாள், சரியான இடத்தில் "வலிச்சிருக்கும்" என்றாள். அவன் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது வெளியே விளக்கு போட்டிருந்தார்கள்.

"நெஞ்சுல இருந்து கல்லை எடுத்த மாதிரி இருக்கு" என்றான். "நீ நெஜமாவே கெட்டிக்காரிதான். இதை நான் வெளியில சொல்ல மாட்டேன். ஆமா, நீ எதுக்கு வந்த?"

"சும்மா. இந்தப் பக்கம் வந்தேன்."

"சேர்ந்து ஒரு கட்டுரை எழுதலாமா? உன் பேரு முதல்ல போட்டுக்கலாம்."

படியிறங்கி வந்தாள். பல் மருத்துவமனை வாசலில், கன்னம் வீங்கிய ஒருவன் பஞ்சைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தான். எங்கே வலிக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினால் போதும் என்கிற அவனுடைய நோயைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மனநல மையத்துக்குச் சான்றிதழ் வாங்கப் போனாள். வரிசையில் லாரி ஓட்டுநர்கள், வேட்டைத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பவர்கள், கல்யாணம் ஆகப்போகிற ஒரு நோட்டரி எல்லாரும் நின்றிருந்தார்கள். உள்ளே மருத்துவர் மெலிஸ். அவளிடம் படித்தவன். மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் நால்வரின் முதலெழுத்துகளையும் கோத்துத் தாத்தா வைத்த பெயர். அத்தனை பேரைத் தலையில் சுமந்து பிறந்த பிள்ளை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட அஞ்சுவதில் வியப்பில்லை.

அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "எஜே, நீங்க ஏன் வரிசையில நிக்கறீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்ல?" என்றான். அக்கா என்பதற்கு அங்கே எஜே. ஆசிரியையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"உன்னைப் பாக்கணும்னுதான் வந்தேன்."

அவன் காகிதத்தை இழுத்து, முத்திரையை மையில் ஒற்றினான். "வழக்கமான கேள்வி எஜே, கேட்டுத்தான் ஆகணும். ஏதாவது தொந்தரவு உண்டா?"

"உண்டு."

முத்திரை அந்தரத்தில் நின்றது. மெலிஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். அவள் சொல்வதை வேறு யாரும் கேட்கக்கூடாது என்பதற்காக என்றுதான் கனிஷாய் நினைத்தாள். தானும் கேட்டுவிடக்கூடாது என்பது அவன் கவலை.

"எஜே, விளையாடாதீங்க."

"தூக்கம் சுத்தமா இல்ல மெலிஸ். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். ஆனா அந்த ரயில்வே..."

"சொல்லாதீங்க எஜே." இரண்டு கைகளையும் கும்பிடுவதுபோல் சேர்த்துவிட்டான். "உங்க கால்ல விழறேன், அதை மட்டும் சொல்லாதீங்க. நீங்க சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா நான் எழுதணும். எழுதி ஏத்திட்டா எங்க டைரக்டராலகூட எடுக்க முடியாது. போன வருஷம் ஒரு பஸ் டிரைவர் மனசு சரியில்லேன்னு என்கிட்ட உண்மையச் சொன்னார். இப்ப சந்தையில தள்ளுவண்டி இழுக்கறார். என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறார்."

"அப்ப நான் எங்கதான்டா போறது?"

மெலிஸ் நிஜமாகவே யோசித்தான். அவனுக்கு அவள் மேல் உள்ள பாசத்தில் பொய் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "கான்ட் ஊர் பக்கத்துல குறி சொல்ற ஒரு அம்மா இருக்காங்க. முட்டையை உடைச்சுத் தண்ணில விட்டுப் பாப்பாங்க. எங்க பெரியம்மா போய் நல்லாயிட்டாங்க. முக்கியமா, அவங்க எதையும் எழுதி வைக்கறதில்ல."

"குறி சொல்றவங்களுக்கு எதிரா நான் பத்திரிகையில எழுதியிருக்கேன்."

"அதை அவங்க படிச்சிருக்க மாட்டாங்க எஜே. நம்ம எழுதறதை யாரு படிக்கறாங்க?"

முத்திரை இறங்கியது. கனிஷாய் நலமாக இருக்கிறாள் என்று அரசாங்கம் முடிவு செய்தது. மெலிஸ் அவளுடைய முழங்கையைப் பிடித்து, பனி உறைந்த படிகளில் வழுக்காமல் வாசல்வரை கொண்டுவந்து விட்டான். கையில் ஒரு சாக்லேட்டையும் திணித்தான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. அதற்கும் எங்கேயும் பதிவு கிடையாது.

கவுன்சில் நாளன்று வெள்ளைச் சட்டையும் கருநீலக் கோட்டும் போட்டுக்கொண்டாள். துர்துபெக் பொத்தான் போட்டுவிட்டார். "பயப்படாத, எல்லாம் நம்ம ஆளுங்கதானே" என்றார். அதுதான் பயம் என்று அவள் சொல்லவில்லை.

துணைவேந்தர் சாத்தார்பெக் தலைமை. செம்மறியாட்டு உரோமத்தின் நுண்மை பற்றி ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். அண்மையில் எங்கோ ஒரு மாநாட்டில் 'மனத்திண்மை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தவர், அதன் பிறகு கேன்டீன் சூப்பிலிருந்து கூரை ஒழுகுவதுவரை எல்லாவற்றையும் அந்தச் சொல்லாலேயே விளக்கினார். நீண்ட மேசையின் இருபுறமும் கவுன்சில் உறுப்பினர்கள். பல துறைக்காரர்கள் இருந்தாலும் அன்றைக்குப் பெரும்பாலும் உளவியல்காரர்கள்தான். எசென்குல் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கனிஷாய் ஐந்தாண்டு அறிக்கை படித்தாள். இத்தனை கட்டுரை, இத்தனை பயிற்சி, இத்தனை மாணவர். உறுப்பினர்கள் செல்போனைப் பார்த்தபடியே தலையசைத்தார்கள். எதையும் கேட்காமலேயே தலையசைப்பது அந்தத் துறையில் உயர்பதவிக்கான தகுதி. கடைசியாகத் திரையில் 'அடுத்த ஐந்தாண்டுத் திட்டம்' என்ற தலைப்பு வந்தது. கீழே அழகான அம்புக்குறிகள், மேல்நோக்கி.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் சாத்தார்பெக். "வருங்காலம்தான் நமக்கு மனத்திண்மை."

கனிஷாய் அம்புக்குறிகளைப் பார்த்தாள். வாய் திறந்தது. எழுதி வைத்தது வரவில்லை.

"அடுத்த அஞ்சு வருஷம் எனக்குத் தெரியல" என்றாள். "அடுத்த வாரமே தெரியல. நான் தூங்கறதில்ல. என் முன்னால உக்காந்து ஒருத்தங்க அழுதா எனக்குள்ள ஒண்ணுமே நடக்கறதில்ல. முகத்தை மட்டும் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எப்படிச் சோர்ந்து போகாம இருக்கறதுன்னு நான் எழுதின புத்தகம் வீட்ல இருக்கு. எடுத்துப் படிச்சுப் பாத்தேன். ஒண்ணுக்கும் உதவல. ரயில்வே பாலத்து மேல நான் இப்ப நடக்கறதில்ல. சுத்திப் போறேன். ஏன் சுத்திப் போறேன்னு உங்க எல்லாருக்கும் புரியும். நீங்க எல்லாரும் இதைத்தானே படிச்சிருக்கீங்க. யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியல. அதான் இங்க சொல்றேன்."

செல்போன்கள் கவிழ்ந்தன. முதல் தடவையாக எல்லாருடைய முகமும் அவளைப் பார்த்தது. கனிஷாய் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்லியாகிவிட்டது. இனி என்ன ஆனாலும் ஆகட்டும்.

சாத்தார்பெக் மெல்லக் கைதட்டத் தொடங்கினார்.

"பாத்தீங்களா?" என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "இதுதான் உயிருள்ள பாடம். நம்ம ஆளுங்க ஸ்லைடைப் படிச்சுக்கிட்டு நிப்பாங்க. இவங்க அந்த நோயாளியாவே மாறிக் காட்டினாங்க. எனக்கு முடியெல்லாம் சிலுத்துப் போச்சு."

மண்டபம் அதிரக் கைதட்டியது. குழந்தை உளவியல் பேராசிரியை எழுந்து நின்றே தட்டினாள். "குரல் நடுங்கினதை எவ்வளவு இயல்பா கொண்டுவந்தாங்க" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஒரு வழுக்கைத்தலை உறுப்பினர் கையை உயர்த்தி, இது இருத்தலியல் முறையா, அல்லது நாடகச் சிகிச்சையா, பதிவில் எப்படிக் குறிப்பது என்று கேட்டார். எதிர்வரிசைக்காரர் நாடகச் சிகிச்சைதான் என்றார். வழுக்கைத்தலை அதை ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் கனிஷாயின் தலைக்கு மேலாகக் கொஞ்ச நேரம் மோதிக்கொண்டார்கள்.

"நான் நடிக்கல" என்றாள் கனிஷாய்.

"அதான், அதுதான் சிறப்பு" என்றார் சாத்தார்பெக்.

ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. பெட்டி உள்ளே போய் வெளியே வந்தது. வாக்கு எண்ணும் குழுவின் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சங்கடமாகப் படித்தார்: கனிஷாய் மறுபடி தேர்வு, எதிராக ஒரு வாக்கு.

அந்தக் கவுன்சிலில் எதிர்வாக்கு விழுந்ததில்லை. ஆட்டு உரோமக்காரரின் முகம் சிவந்தது. "யாருன்னு கண்டுபிடிக்கணும்னு நான் சொல்ல வரல" என்றார். "ரகசியம்னா ரகசியம்தான். ஆனா தெரிஞ்சா நல்லாயிருக்கும்."

துறை அறையில் விருந்து காத்திருந்தது. சம்சா, குதிரைக்கறித் துண்டுகள், கான்யாக். தேர்வானவர் ஏற்பாடு செய்வதுதான் வழக்கம், கனிஷாயும் செய்திருந்தாள். எல்லாரும் அவளைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து, அந்த ஒரு வாக்குக்காக அனுதாபம் சொன்னார்கள். காலையிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் அனுதாபம் அதுதான். யாரோ வாழ்த்துரைக்கு எழுந்தபோது குளிர்கோட்டைக்கூட எடுக்காமல் பின்படிக்கட்டுக்கு நழுவினாள். எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதுதான் அப்போது சுலபமாக இருந்தது.

"கனிஷாய்."

எசென்குல் மேலிருந்து வேகமாக இறங்கி வந்தான். அவளுடைய குளிர்கோட்டு அவன் கையில் இருந்தது.

"நான்தான் போட்டேன்" என்றான்.

"என்ன போட்ட?"

"எதிரா. அது என் ஓட்டு."

கனிஷாய்க்கு ரத்தம் தலைக்கு ஏறியது. உள்ளே ஒன்றுமே இல்லை என்று நினைத்திருந்தவளுக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. "இன்னுமா அந்தப் பதவி உனக்கு உறுத்துது? அன்னிக்கு நீ மூக்கைச் சிந்திச் சிந்தி அழுததைக் கேட்டேனே, அதுக்கு இதா கூலி? எல்லாரும் ஒருமனசாப் போட்டிருப்பாங்கடா. ஒருமனசா."

"உறுத்துது. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றான் எசென்குல். "ஆனா இன்னிக்கு அதுக்காகப் போடல. அன்னிக்கு நீ போனதுக்கப்புறம் வீட்ல போய் என் பொண்டாட்டிகிட்ட, இன்னிக்குதான்டி நெஞ்சு லேசாச்சுன்னு சொன்னேன். அவ, 'அந்தம்மா எதுக்கு வந்தாங்க'ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. இன்னிக்கு நீ மேல நின்னு சொன்னப்ப தெரிஞ்சுது. நீ ஜெயிச்சா திங்கக்கிழமை மறுபடியும் அந்த நாற்காலியில போய் உக்காருவ. அதான் போட்டேன். ஒத்தை ஓட்டால ஒண்ணும் ஆகாதுன்னும் தெரியும். வேற என்ன பண்றதுன்னு தெரியல."

மேலே கண்ணாடிக் குவளைகள் உரசும் சத்தம் கேட்டது. அவன் ஒரு படி கீழே இறங்கி அவளுக்கு நேராக நின்றான். தலையைச் சாய்க்கவில்லை. குரலும் தாழவில்லை, கீச்சிட்டது.

"உனக்கு... அந்த மாதிரி ஏதாவது... தப்பா ஒரு எண்ணம்..."

"அப்படிக் கேக்கக் கூடாது" என்றாள் கனிஷாய், வகுப்பில் சொல்வதுபோல் சட்டென்று. "சுத்தி வளைச்சா அவங்க இல்லேன்னுதான் சொல்வாங்க. நேரா கேக்கணும். அந்த வார்த்தையச் சொல்லிக் கேக்கணும்."

எசென்குல் நேராகக் கேட்டான்.

"செத்துப் போயிடலாம்னு நினைக்கறியா?"

"ஆமா."

சொன்ன பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை. படியிலேயே உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "வலிச்சிருக்கும்" என்று சொல்லவில்லை, கைக்குட்டையும் நீட்டவில்லை.

"பயமா இருக்கு கனிஷாய்" என்றான். "எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது. இத்தனை பட்டயத்தை மாட்டி வெச்சிருக்கேன். ஒண்ணுகூட ஞாபகம் வரல."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, யாரும் யாருக்கும் கற்றுத் தராத ஒரு வாக்கியத்தை அவள் கேட்டாள்.

"எல்லைக்கு அந்தப் பக்கம், அல்மாத்தியில ஒரு கொரியக்கார அம்மா இருக்காங்க, மனநல டாக்டர்" என்றான் கொஞ்சம் பொறுத்து. "என் மச்சானைக் காப்பாத்தினவங்க. நம்ம யாரையும் தெரியாது. நம்ம எழுதினது எதையும் படிச்சதில்ல, படிக்கவும் மாட்டாங்க. மருந்து குடுப்பாங்க, தேவைப்பட்டா அட்மிட்டும் பண்ணுவாங்க. பாஸ்போர்ட் கையில இருக்கா?"

"இருக்கு. கவுன்சிலுக்குக் கொண்டுவந்தேன்."

"அப்ப எழுந்திரு."

"இப்பவா? மேல எல்லாரும்..."

"திங்கட்டும்."

"துர்துபெக்குக்குச் சொல்லணும்."

"வழியில நீயே சொல்லு. இதே மாதிரி, அந்த வார்த்தையோட சொல்லு. மாட்டேன்னா நான் சொல்றேன்."

"இங்க தெரிஞ்சா என் பேரு ஏறிடும் எசென்குல். எல்லாம் போயிடும்."

"போகட்டும்" என்றான். பிறகு, உண்மையைச் சொல்லிப் பழகாதவனின் தடுமாற்றத்தோடு சேர்த்துக்கொண்டான்: "போகும்தான். நானும் யோசிச்சேன். போகும்."

அவள் நெடுநேரம், அவன் நீட்டிய குளிர்கோட்டின் ஒரு கைக்குள் கையை விட்டபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு அடுத்த கையையும் விட்டாள்.

பேருந்து நிலையத்தில் அல்மாத்திக்கு ஆள் கூவிக்கொண்டிருந்த பகிர்வு டாக்சிகளில் ஒன்று கிடைத்தது. பின்சீட்டில் ஏற்கனவே இரண்டு வெங்காய மூட்டைகளும் ஒரு ராணுவச் சிப்பாயும் இருந்தன. சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த டிரைவர், எல்லை தாண்டுகிற எல்லா டிரைவர்களையும்போல் ஆளை எடைபோட்டுப் பார்த்துக் கேட்டான்: "ரெண்டு பேரும் படிச்சவங்க மாதிரி தெரியறீங்க. என்ன உத்தியோகம்?"

எசென்குல் பழக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தினான். "நாங்க ரெண்டு பேரும் பேராசிரியர்..."

"நான் நோயாளி" என்றாள் கனிஷாய். "டாக்டரைப் பாக்கப் போறோம். இவர் துணைக்கு வர்றார்."

டிரைவர் விதையைத் துப்பிவிட்டு, முன்சீட்டில் கிடந்த ஜாக்கெட்டையும் பையையும் எடுத்துப் பின்னால் போட்டான்.

"அப்ப முன்னால உக்காருங்க எஜே. பின்னால ரொம்பக் குலுக்கும்."

அவள் உட்கார்ந்தாள். எசென்குல் மூட்டைகளுக்கு நடுவே தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு தன்னைத் திணித்துக்கொண்டான். சிப்பாய் சலித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டான். வண்டி புகைக்குள் நுழைந்ததும் கனிஷாய் செல்போனை எடுத்து, வீட்டு எண்ணைத் தேடினாள்.